மிச்ச மாத்திரை

ஆய்வாளர்: இல்லக்கா, "எவளோ போட்டா, எவளோ எடுத்தா"ன்னு சொல்லக்கூடாது. மறுபடியும் முதல்லேர்ந்து வருவோம். நாளைக்கு வர்ற பணம் குடுக்கறவங்க நான்தான்னு வச்சுக்கங்க. கார்லேர்ந்து இறங்கி உள்ள வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்துட்டேன்.

தையல்காரி: அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அவங்களை அதுல உட்கார வச்சிடாதீங்க. நாளைக்குன்னு பார்த்துத்தான் உடையும்.

ஆய்வாளர்: வேற போட்டுக்கலாம். இப்போ கேக்கறேன். அம்மா, இந்தச் சுவத்துல தொங்குதே, இது என்ன?

தையல்காரி: துணி.

ஆய்வாளர்: அக்கா...

தையல்காரி: சரி, சரி, முறைக்காதீங்க. இது எங்க தெருவோட மருந்துப் பை. சிவப்பு ஒட்டுப் போட்ட பாக்கெட் காய்ச்சலுக்கு. பச்சை, வயித்துக்கு. மஞ்சள், புண்ணுக்கு. நீலம், இருமலுக்கு. யார் வீட்டுல மாத்திரை மிச்சமானாலும் இங்க கொண்டாந்து போட்டுடுவோம். யாருக்கு முடியலையோ அவங்க வந்து எடுத்துக்குவாங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கும் கலர் தெரியுமில்ல... போதுமா?

ஆய்வாளர்: ரொம்ப நல்லா இருக்கு. இதையே சொல்லுங்க. ஆனா மெஷினை மிதிச்சுக்கிட்டே சொல்லாதீங்க. பாதி காதுல விழல.

தையல்காரி: மிதிக்காம புதுப் பை எப்படி முடியும்? பழசு அழுக்கா இருக்கு, ஃபோட்டோவுக்கு எடுக்காதுன்னு சொன்னது யாரு?

ஆய்வாளர்: நான்தான். தப்பா?

தையல்காரி: தப்பெல்லாம் இல்ல. அந்த அழுக்கு எங்க கை பட்டது, அவ்வளவுதான். நீங்க கேளுங்க.

ஆய்வாளர்: அந்தச் சட்டத்தைச் சொல்லுங்க. அவங்களுக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும்.

தையல்காரி: எந்தச் சட்டம்?

ஆய்வாளர்: மிச்சம் வைக்கிறது.

தையல்காரி: அது என்ன சட்டம், சாதாரண மனுஷத்தனம். டாக்டரு ஒரு அட்டை எழுதுவாரு. நாலு முழுங்கினதும் காய்ச்சல் விட்டுடும். அதுக்கு அப்புறமும் உட்கார்ந்து அட்டையைத் தின்னு தீர்த்தா அவ என்ன பொம்பளை? பக்கத்து வீட்டுல குழந்தை நெருப்பா கொதிக்குது. உடம்பு தேறினதும் நிறுத்திக்கணும், மிச்சத்தைப் பையில போட்டுடணும். மூலைவீட்டுக்காரி ஒருதரம் மொத்தத்தையும் முழுங்கிட்டா. அவளை இன்னமும் "முழு அட்டை"ன்னுதான் கூப்பிடறோம்.

ஆய்வாளர்: அந்தப் பட்டப்பேரைச் சொல்ல வேணாம்.

தையல்காரி: ஏன்? உங்க புத்தகத்துல எழுதலையா?

ஆய்வாளர்: எழுதியிருக்கேன். வேற மாதிரி.

தையல்காரி: எப்படி?

ஆய்வாளர்: "ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாழும் பண்பு"ன்னு...

தையல்காரி: அடேயப்பா! முழு அட்டைக்காரி கேட்டா செருப்பைத் தூக்கிட்டு வருவா.

ஆய்வாளர்: சிரிக்காதீங்கக்கா, எனக்கும் சிரிப்பு வருது. இது சின்ன விஷயம் இல்ல. ஆஸ்பத்திரி தூரத்துல இருக்கு, டாக்டர் கிடைக்கல, கையில காசு இல்ல. அப்படியும் ஒரு தெரு தானா ஒண்ணு கூடி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. இதுக்குப் பேருதான் சமூகத் தாங்குதிறன்.

தையல்காரி: நல்ல பேரு. தாங்காம எங்க போறதாம்?

ஆய்வாளர்: அதை... அவங்ககிட்ட அந்தக் குரல்ல சொல்லாதீங்க.

தையல்காரி: எந்தக் குரல்ல சொல்லணும்?

ஆய்வாளர்: பெருமையா.

தையல்காரி: ம்... பெருமையா. பார்க்கறேன். ஆமா, மேடம், அந்தப் பஞ்சுக் குச்சி என்னாச்சு?

ஆய்வாளர்: எந்தப் பஞ்சுக் குச்சி?

தையல்காரி: வீடு வீடா போய் புண்ணு இருக்கிறவங்க, சீழ் வடியறவங்க எல்லார்கிட்டயும் பஞ்சுக் குச்சியை ஒத்தி எடுத்துட்டுப் போனீங்களே. மழைக்கு முன்னாடி. என் பையன் தொடையிலகூட எடுத்தீங்க. குச்சி பட்டதும் கத்தினானே. ரிசல்ட் வந்துதா?

ஆய்வாளர்: ஓ, அதுவா... இன்னும் இல்லக்கா. லேப்ல மெஷின் ரிப்பேர். அவசரமா ஒண்ணும் இல்லையே?

தையல்காரி: அவசரம் என்ன அவசரம்... சும்மாதான் கேட்டேன். நூல் அறுந்துடுச்சு, கொஞ்சம் இருங்க.

ஆய்வாளர்: கண்ணு என்ன இப்படிச் சிவந்திருக்கு? தூங்கலையா?

தையல்காரி: இந்தச் சின்னச் சின்னப் பாக்கெட்டைத் தைச்சா கண்ணு பின்ன எப்படி இருக்கும்? கோத்துட்டேன். கேளுங்க.

ஆய்வாளர்: அடுத்தது உங்க பையன் விஷயம். புத்தகத்துல அஞ்சாவது அத்தியாயம் முழுக்க அவன்தான். இதை மட்டும் விளையாட்டா சொல்லிடாதீங்க. அடுத்த கட்டத்துக்குப் பணம் ஒதுக்கறதே இதைக் கேட்டுத்தான். ஒதுக்கினா நர்ஸ் வாரம் தவறாம இந்த ரூமுக்கு வருவாங்க. இல்லன்னா...

தையல்காரி: இல்லன்னா இந்த ஷட்டரை இழுத்துப் பூட்டிடுவீங்க. தெரியும்.

ஆய்வாளர்: நான் பூட்டல. அவங்க.

தையல்காரி: யாரு பூட்டினா என்ன, பூட்டு பூட்டுதானே. சொல்றேன், கேளுங்க. என் பையன் மூட்டை தூக்கற வேலை. மோளம் மாதிரி முதுகு. ஒரு நாள் லாரியிலேர்ந்து வழுக்கி விழுந்துட்டான். வலி. எதிர்ல என் கொழுந்தனோட மருந்துக் கடை. "ரெண்டு மாத்திரை குடு சித்தப்பா." குடுத்தாரு. மறுநாளும் குடுத்தாரு. அப்புறம் வலி போயிடுச்சு, மாத்திரை போகல.

ஆய்வாளர்: இது நல்லா இருக்கு. மேல சொல்லுங்க.

தையல்காரி: நல்லா இருக்கா? ...சரி. கடையில நிறுத்தினதும் நம்ம பையில கை வச்சான். அப்போ வலிக்குன்னு ஒரு பாக்கெட் இருந்துச்சு, வெள்ளை ஒட்டு. அதைக் காலி பண்ணினான். அப்புறம் முழுங்கறது பத்தல. பொடிச்சுக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிட்டான். இவன் மட்டுமில்ல, தெருவுல பாதிப் பசங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் அவங்க பள்ளிக்கூடம். கையில நரம்பு கிடைக்கலன்னா தொடை...

ஆய்வாளர்: அதுக்கு நீங்க என்ன பண்ணினீங்க?

தையல்காரி: வெள்ளைப் பாக்கெட்டைப் பிரிச்சு எறிஞ்சேன். அவனை வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டினேன். பொம்பளைங்க முறை போட்டு வாசல்ல உட்கார்ந்தோம். எவ மிரட்டினாளோ, எவ பாட்டுப் பாடினாளோ, எவ சோறு ஊட்டினாளோ... முழு அட்டைக்காரிதான் அவன் வாந்தியைத் துடைச்சா. என்னை அடிச்சான். காலைப் பிடிச்சான். "அம்மா, ஒண்ணே ஒண்ணு"ன்னு அழுதான். திறக்கல. கடைசியில ஒருநாள், "பசிக்குது"ன்னான். அன்னிக்குத்தான் நாங்க எல்லாரும் உட்கார்ந்து அழுதோம்.

ஆய்வாளர்: அக்கா... நாளைக்கு அப்படியே இதைச் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.

தையல்காரி: அதுக்கு அப்புறம் உள்ளது?

ஆய்வாளர்: அதுக்கு அப்புறம் என்ன? வேலைக்குப் போறான். நல்லா இருக்கான். முடிஞ்சது.

தையல்காரி: தொடைப் புண்ணு?

ஆய்வாளர்: அது... அத்தியாயத்துல இல்ல.

தையல்காரி: ஆமா. உங்க அத்தியாயத்துல இல்ல. ஊசி குத்தின இடத்துல கட்டி வந்து உடைஞ்சுது. மஞ்சள் பாக்கெட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். சிவப்புக் கேப்ஸ்யூல் நாலு, வெள்ளை மூணு. காஞ்சுது. மிச்சத்தைத் திரும்ப வச்சோம். மறுபடி வீங்குச்சு, மறுபடி குடுத்தேன். மறுபடி காஞ்சுது... நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. எழுதிக்கிட்டு இருந்தீங்க.

ஆய்வாளர்: நாங்க பார்க்க வந்தவங்கக்கா. நீங்க வழக்கமா எப்படி செய்வீங்களோ அதை அப்படியே பார்க்கணும். நடுவுல கை வைக்கக்கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

தையல்காரி: நான் ஒண்ணும் சொல்லலையே. பார்த்தீங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான். அந்த ரிசல்ட் எப்போதான் வரும்?

ஆய்வாளர்: வந்துடும்க்கா. இங்க முடியாதுன்னு வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கோம். அவங்க அனுப்பணும்.

தையல்காரி: வெளியூருக்கா? அப்படியா... சரி.

கடைக்காரர்: அண்ணி! உள்ள வரலாமா? டீ கொண்டாந்திருக்கேன். மேடத்துக்குச் சர்க்கரை கம்மியா போடச் சொன்னேன், டீக்கடைக்காரன் மறந்துட்டான்.

தையல்காரி: வா தம்பி. நீ டீ கொண்டாந்தா கடையில யாரு?

கடைக்காரர்: கடை எங்க ஓடிடப் போகுது? கேக்கறவங்க கேட்டுட்டு நிப்பாங்க. வணக்கம் மேடம். அண்ணி, அந்தக் கட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டேன். ரப்பர் விரிப்பு மட்டும் அவங்க வேணாம்னு...

தையல்காரி: டீ ஆறுது, மேடத்துக்குக் குடு.

ஆய்வாளர்: என்ன கட்டில்?

கடைக்காரர்: அது வந்து...

தையல்காரி: வாடகைக் கட்டில். எனக்கு இடுப்பு வலின்னு எடுத்திருந்தோம். இப்போ தேவலை.

ஆய்வாளர்: ரப்பர் விரிப்பு எதுக்கு?

தையல்காரி: கட்டிலோட அதுவும் வந்துச்சு. இதுக்கும் சேர்த்து ஒரு அத்தியாயம் எழுதப் போறீங்களா?

ஆய்வாளர்: ஐயோ, இல்லக்கா, சும்மா கேட்டேன். அண்ணா, நாளைக்கு உங்ககிட்டயும் கேப்பாங்க. டாக்டர் சீட்டு இல்லாம மருந்து குடுப்பீங்களான்னு.

கடைக்காரர்: குடுக்கவே மாட்டேன்.

தையல்காரி: பொய் சொல்லும்போது இவன் முகத்தைப் பாருங்க மேடம், அப்படியே பால் குடிக்கிற குழந்தை.

கடைக்காரர்: என்ன அண்ணி பண்றது? சீட்டு எங்கேன்னு கேட்டா அடுத்த தெருக் கடைக்குப் போயிடறாங்க. அவன் ரெண்டு மாத்திரை கேட்டா மூணா குடுக்கறான். கேக்கறதைக் குடுத்தாத்தான் கடை. குடுக்கலன்னா நானே வெளிய வந்து தெருவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தையல்காரி: உட்கார்ந்திருக்கலாமே. அன்னிக்கு ஒரு நாள் நீ தெருவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா...

கடைக்காரர்: அண்ணி. போதும். நான் தூங்கறதே இல்ல. உங்களுக்குத் தெரியும்.

தையல்காரி: ...தெரியும். டீயைக் குடி.

ஆய்வாளர்: சண்டை வேணாம். அண்ணா, நல்ல விஷயம் ஒண்ணு. உங்க குட்டிப் பொண்ணுதான் நாளைக்கு அவங்களுக்குப் பூங்கொத்து குடுக்கணும். முன்வரிசையில உட்கார வச்சிடுங்க. அழகா சிரிப்பா, ஃபோட்டோவுக்கு...

கடைக்காரர்: அவ எங்க வருவா மேடம்? முந்தாநாள்லேர்ந்து காய்ச்சல். அந்தக் காதுதான். சீழ் வடிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, இப்போ வடியறது நின்னுடுச்சு, காதுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிசா வீங்கியிருக்கு. காது மடலே முன்னாடி தள்ளிட்டு நிக்குது.

ஆய்வாளர்: வீக்கமா? காதுக்குப் பின்னாடியா?

கடைக்காரர்: கை வைக்க விட மாட்டேங்கறா. சிவப்புக் கேப்ஸ்யூலைப் பிரிச்சு, பாதிப் பொடியைச் சர்க்கரைத் தண்ணியில கலக்கிக் குடுத்துட்டு இருக்கேன். இன்னைக்கு முழுசா குடுக்கலாம்னு...

ஆய்வாளர்: அதைக் குடுக்காதீங்க.

கடைக்காரர்: ஏன் மேடம்?

ஆய்வாளர்: இல்ல... அதாவது, அது கேக்கலன்னா மாத்திப் பார்க்கலாமே. டாக்டர்கிட்ட காட்டலாமே.

தையல்காரி: கேக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆய்வாளர்: எனக்கு எப்படித் தெரியும்? பொதுவாச் சொன்னேன்.

தையல்காரி: குட்டி காதுலயும் குச்சி விட்டு எடுத்தீங்க இல்ல?

ஆய்வாளர்: எடுத்தோம்.

தையல்காரி: அதுவும் வெளியூர்லதான் இருக்கா?

ஆய்வாளர்: எல்லாம் சேர்ந்துதான்க்கா வரும். வந்துடுச்சுன்னே வச்சுக்கங்க. லேப் பெரியவரோட கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு இது முடியட்டும், நாளன்னைக்கு நானே கொண்டாந்து தர்றேன். உங்களுக்குத்தான் முதல்ல.

தையல்காரி: நாளன்னைக்கு.

ஆய்வாளர்: சத்தியமா.

தையல்காரி: வேணாம். சத்தியம் பண்ணாதீங்க.

ஆய்வாளர்: என்னக்கா ஒரு மாதிரி பேசறீங்க? சரி, பையன் எங்க? வந்ததுலேர்ந்து பார்க்கல. அவன்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசணும். கேள்வி கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவான்.

கடைக்காரர்: அவன்... வேலைக்கு...

தையல்காரி: வேலைக்குப் போயிருக்கான்.

ஆய்வாளர்: ஃபோன் போடுங்களேன்.

தையல்காரி: ஃபோன் எடுத்துட்டுப் போகல.

ஆய்வாளர்: நாளைக்காவது லீவு சொல்லிட்டானா?

தையல்காரி: அவன் வரமாட்டான் மேடம். அவனை விட்டுடுங்க.

ஆய்வாளர்: அக்கா, என்ன இப்படித் தலையில கல்லைப் போடறீங்க? அவன் இல்லாம எப்படி? அவங்க வர்றதே அவனைப் பார்க்கத்தான். மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா? என்கிட்ட மறைக்காதீங்க. மாத்திரையா?

தையல்காரி: இல்ல. மாத்திரையை அவன் அப்புறம் தொடவே இல்ல. கடைசி வரைக்கும் தொடல. அதை மட்டும் நீங்க பெரிய எழுத்துல எழுதிக்கலாம்.

ஆய்வாளர்: அப்போ என்ன? வெக்கமா? ...சரி, ஒண்ணு பண்ணலாம். கோபப்படாதீங்க. அவங்களுக்கு அவன் முகம் தெரியாது. புத்தகத்துல ஃபோட்டோ போடல, பேரும் போடல. எதிர்வீட்டுப் பையன் இருக்கானே, அவனும் விட்டுட்டவன்தானே. அவன் வந்து உங்க பக்கத்துல உட்காரட்டும். ரெண்டே நிமிஷம். நீங்க "மகனே, வா"ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா போதும்.

தையல்காரி: எதிர்வீட்டுப் பையனை... நான் மகனேன்னு கூப்பிடணும்.

ஆய்வாளர்: நர்ஸுக்காகக்கா. தெருவுக்காக. எனக்காக இல்ல.

தையல்காரி: தம்பி, அந்த ஷட்டரைப் பாதி இறக்கு.

கடைக்காரர்: அண்ணி, வேணாம். நாளைக்கு முடியட்டும், நர்ஸ் நமக்கு முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க? தெருவுக்கே சொல்லி வச்சிருக்கோம், யாரும் வாயைத் திறக்கக்கூடாதுன்னு...

தையல்காரி: பொறுத்துக்கலாம்னுதான் இருந்தேன். இவங்க வாயாலயே சொல்லிடுவாங்க, சொல்லிடுவாங்கன்னு ஒவ்வொரு தரமும் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். முதல்ல மெஷின் ரிப்பேர். அப்புறம் வெளியூர். இப்போ கையெழுத்து. ஒரு குச்சிக்கு எத்தனை கதை மேடம்?

ஆய்வாளர்: அக்கா...

தையல்காரி: ரிசல்ட் மழைக்கு முன்னாடியே உங்க கைக்கு வந்துடுச்சு.

ஆய்வாளர்: ...யார் சொன்னாங்க?

தையல்காரி: பெரிய ஆஸ்பத்திரி லேப்ல ஒரு பையன் உட்கார்ந்திருக்கான், கண்ணாடி போட்டுக்கிட்டு. என் பையனோட டெஸ்ட் காகிதம் வாங்கப் போனேன். பேரைப் பார்த்தான். "இவரோடதை நாங்க முன்னாடியே பார்த்து அந்த ஆய்வுக்காரங்களுக்கு அனுப்பிட்டோமே, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டான். சொல்லலப்பான்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காம காகிதத்தையே பார்த்துட்டு இருந்தான்.

ஆய்வாளர்: பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்க எதுக்குப் போனீங்க? பையன் அங்கயா இருக்கான்? எந்த வார்டு? இப்பவே போகலாம்.

தையல்காரி: இல்ல.

ஆய்வாளர்: இல்லன்னா?

தையல்காரி: இல்லன்னா இல்ல. விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னாங்க. போட்ட மருந்து எதுவும் கேக்கல. எது கேக்கும்னு பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. அந்தப் பதில் வர்றதுக்குள்ள...

ஆய்வாளர்: எப்போ? அக்கா, எப்போ இது?

தையல்காரி: போன வாரம். நீங்க ஃபோன் பண்ணீங்களே... விருந்தாளிங்க வர்றது உறுதியாயிடுச்சு, பையனுக்கு நல்ல சட்டையா எடுத்து வைங்கன்னு. தம்பிதான் எடுத்துப் பேசினான். அப்போ என் பையனுக்குச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். நல்ல சட்டைதான்.

ஆய்வாளர்: ஐயோ... ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

தையல்காரி: நீங்க ஏன் சொல்லல? சொல்லுங்க. கேட்டுக்கறேன்.

ஆய்வாளர்: அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்க்கா. உங்க பையன் மட்டுமில்ல. தெரு பூராவும் ஒரே மாதிரி. பாதி முழுங்கிப் பாதியை வைக்கறதுனால கிருமி சாகல, மருந்தைப் பழகிக்கிச்சு. இந்தப் பைதான் காரணம்... எந்தப் பையை அட்டைப்படத்துல போட்டேனோ அதே பை. இதை வெளிய சொன்னா புத்தகம் போயிடும், திட்டம் போயிடும், நர்ஸும் போயிடுவாங்க. வந்து பார்த்துட்டுப் போகட்டும், பணம் வரட்டும், அப்புறம் நிதானமா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கலாம்னு... அவன் நடந்துட்டுத்தானே இருந்தான்? புண்ணு காஞ்சுடுச்சுன்னு சொன்னீங்களே? அதை நம்பினேன். நம்பணும்னு நம்பினேன்.

தையல்காரி: எனக்கு அது புரியுது பாருங்க, அதுதான் கொடுமை. நர்ஸுக்காகத்தான் நானும் வாயை மூடிட்டு இருந்தேன். என் பையன் சாவை மறைச்சுட்டு, இந்த மெஷினை மிதிச்சுக்கிட்டு, உங்க கேள்விக்குப் பதில் மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன். நீங்களும் நானும் ஒரே கடை சரக்குதான்.

கடைக்காரர்: மேடம். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். தெரு பூராவும்னீங்களே... என் பொண்ணு?

ஆய்வாளர்: அண்ணா...

கடைக்காரர்: உள்ளதைச் சொல்லுங்க.

ஆய்வாளர்: அதே கிருமிதான்.

கடைக்காரர்: அப்போ நான் குடுக்கற கேப்ஸ்யூல்?

ஆய்வாளர்: கேக்காது.

கடைக்காரர்: கடையில வேற நிறைய இருக்கு. விலை ஜாஸ்தி உள்ளது இருக்கு. பேரைச் சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்.

ஆய்வாளர்: உங்க கடையில இருக்கிற எதுவும் கேக்காதுண்ணா.

கடைக்காரர்: அப்போ? அப்போ என்ன பண்றது? அண்ணி, நீங்களாவது கேளுங்க.

தையல்காரி: பதறாதே, இரு. மேடம், நான் உங்களைத் திட்டப் போறதில்ல. அந்த லேப் பையன் சொன்னான், இது எதுக்கும் மசியாத கிருமின்னு. அப்போ நீங்க முன்னாடியே சொல்லியிருந்தாலும் என் பையன் போயிருப்பான். இல்லையா? அந்த ஒண்ணை நினைச்சுத்தான் நான் கண்ணை மூடறேன். அது இல்லன்னா உங்க கழுத்தைப் பிடிச்சிருப்பேன், இல்ல என் கழுத்துக்கு... சரி விடுங்க. எனக்குக் கோபம் இல்ல. ஆனா இவ சின்னப் பிள்ளை. ஏதாவது ஒண்ணு, எந்த மூலையிலயாவது இருந்தா சொல்லிடுங்க.

ஆய்வாளர்: அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? நான் அண்ணாகிட்ட மட்டும் பேசிடறேன்.

தையல்காரி: எனக்குத் தெரியக்கூடாதது இனிமே என்ன இருக்கு?

ஆய்வாளர்: தயவுசெஞ்சு. ரெண்டு நிமிஷம்.

கடைக்காரர்: மேடம், கால்ல விழறேன். அவ பொழைச்சுக்குவாளா, மாட்டாளா?

ஆய்வாளர்: ...பொழைச்சுக்குவாண்ணா. ஒரு ஊசி கேக்கும். ஒண்ணே ஒண்ணு. பெரிய ஆஸ்பத்திரியிலயே இருக்கு. இப்பவே தூக்கிட்டுக் கிளம்புங்க, என் காரை எடுத்துக்கங்க, டிரைவர் வெளியதான் இருக்கான். நான் டாக்டருக்கு ஃபோன் பண்ணி ஊசி பேரைச் சொல்லிடறேன்.

தையல்காரி: ஓடு தம்பி, நிக்காதே! ஷட்டர்ல தலை இடிக்கப் போகுது, குனிஞ்சு போ. கடையை நான் பார்த்துக்கறேன்... போயிட்டான். நல்லவேளை. குட்டி தப்பிச்சா. ...மேடம்.

ஆய்வாளர்: டாக்டருக்கு ஃபோன் பண்ணணும்க்கா...

தையல்காரி: பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. குட்டிக்கும் என் பையனுக்கும் அதே கிருமின்னுதானே சொன்னீங்க?

ஆய்வாளர்: ஆமாக்கா... அவனோட காகிதத்துலயும் அந்த ஊசி பேருதான் இருந்துச்சு.